பல வருஷம் கழித்து மறுபடியும் மணலில் பைக்: லிவாவுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி கேட்ட நண்பர் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அவருக்கு 41 வயது. முன்பு ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில், வெள்ளிக்கிழமை வந்தால் பதாயர் மணல்மேடுகள் பக்கம் டர்ட் பைக் ஓட்டப் போய்விடுவார். அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், ஊருக்கு மாற்றம் என்று பத்து வருஷத்துக்கு மேல் மணலைத் தொடவில்லை. இப்போது அபுதாபியில் வேலை கிடைத்துத் திரும்பி வந்திருக்கிறார். டிசம்பர் விடுமுறையில் மனைவி, 9 வயது மகன், 6 வயது மகள் மூவரையும் கூட்டிக்கொண்டு, பெரிய மணல்மேடுகள் உள்ள லிவா பாலைவனத்தில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்க வேண்டும், பகலில் பைக் ஓட்ட வேண்டும் என்று ஆசை. பழைய 450 சிசி பைக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா, எந்த டயர் நல்லது என்று கேட்கிறார். கடைசியில், நடுவில் முதுகில் டிஸ்க் பிரச்சினை வந்து சரியாகிவிட்டது என்று போகிற போக்கில் ஒரு வரி.

பைக், டயர் என்று கேட்டிருந்தாலும் இதற்குள் இருப்பது இரண்டு கேள்வி. அன்றைக்கு ஓட்டியது போல இன்றைக்கும் ஓட்ட வருமா? என்னை நம்பி வருகிறவர்களைப் பாலைவனத்தில் தங்க வைக்கலாமா? இரண்டுக்கும் என் பதில் ஆம் என்பதுதான். ஆனால் பல வருஷம் கழித்து ஓட்டும் முதல் ரைடு, லிவா, குடும்பத்தோடு கேம்ப் ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் சேர்க்காதீர்கள். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் சமாளிக்கக்கூடியது. மூன்றும் சேர்ந்தால், ஒன்றில் வரும் சின்னச் சிக்கல் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும். நான் அல் ஐனில் ஆஃப் ரோடு வண்டிகள் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். குளிர்காலத்தில் வார இறுதிகளில் நண்பர்கள் குழுவுக்கு முன்னால் வழிகாட்டிப் போகிறவன். வண்டி, மணல், கேம்ப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். முதுகைப் பற்றி டாக்டர்தான் பேச வேண்டும்.

இடைவெளி விட்டுத் திரும்புகிறவர்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கைப்பழக்கம் யாருக்கும் போவதில்லை. கிளட்ச், கியர், கால் வைக்கும் ஃபுட்பெக்கில் நின்று ஓட்டுவது, மணல் இளகினால் ஆக்ஸிலரேட்டரை விடாமல் பின்னால் சாய்வது எல்லாம் அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கை திரும்பும் வேகத்தில் கண் திரும்பாது. உடம்பு அதைவிடத் தாமதம். கை பழைய வேகத்தைக் கேட்கும், கண்ணுக்கு மணலைப் படிக்கத் தெரியாது, உடம்புக்கு விழுந்தால் தாங்கத் தெரியாது. எங்கள் குழுவில் ஒருவர், அருமையாக ஓட்டுபவர், ஏழெட்டு வருஷம் கழித்து வந்தார். முதல் ஒரு மணி நேரம் பார்க்கவே அழகாக இருந்தது. பதினொரு மணி வாக்கில் ஒரு மேட்டின் உச்சியை அந்தக் காலப் பழக்கத்தில் நேராகத் தாண்டினார். அந்தப் பக்கம் மணல் சரேலென்று இறங்கியது. காறை எலும்பு முறிந்தது. வெயில் மேலே ஏறி நிழல் இல்லாமல் போயிருந்த நேரம் அது, விளிம்பு கண்ணில் பட்டிருக்காது. காலை எட்டு மணிக்கு என்றால் அதே மேட்டை அவர் சுற்றிக்கொண்டு போயிருப்பார்.

அதனால் முதலில் கண்ணுக்குப் பயிற்சி கொடுங்கள். மணல்மேட்டுக்கு இரண்டு பக்கம். காற்று வந்து மோதும் பக்கத்தில் சரிவு குறைவு, பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி. மணல் இறுகியிருக்கும், மேலே அலை அலையாக வரி ஓடியிருக்கும். காற்று மறைவுப் பக்கம் உச்சியிலிருந்து கொட்டிச் சேர்ந்த மணல். அது 30 முதல் 34 டிகிரி வரை சரிந்து நிற்கும், வரி இருக்காது, காலை வைத்தால் கணுக்காலுக்கு மேல் புதையும். எமிரேட்ஸில் ஷமால் காற்று வடமேற்கிலிருந்து வருவதால் இந்தச் செங்குத்துப் பக்கம் பெரும்பாலும் தெற்கையோ தென்கிழக்கையோ பார்த்து இருக்கும். தெற்கே போகும்போது மேடு உங்களை மெதுவாக ஏற்றிச் சட்டென்று கீழே விடும். வடக்கே திரும்பும்போது அதே மேடுகள் எதிரே சுவராக நிற்கும். இதுவரை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட மேட்டின் உச்சி இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதை யாரும் வீட்டிலிருந்து சொல்ல முடியாது. இரண்டு நாள் காற்று எதிர்த்திசையில் அடித்தாலே உச்சி மட்டும் புரண்டு, இறுகிய பக்கம் என்று நினைத்த இடத்தில் இளக்கமான விளிம்பு கட்டிவிடும். சின்ன மேடுகள் வேகமாக நகரும், பெரியவை மெதுவாக நகரும். பழைய போனிலிருந்து ஜிபிஎஸ் தடங்களை எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். சின்ன மேடுகள் உள்ள இடத்தில் அவற்றை நம்ப வேண்டாம்.

உச்சிக்கு ஏறும்போது நேராகப் போய் எகிறாதீர்கள். சாய்வாக ஏறி, உச்சிக்கு வரும்போது வேகம் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும்படி வாருங்கள். விளிம்போடு சேர்ந்து திரும்பி, அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். சரி என்று தெரிந்தால் இறங்கலாம். இறங்கும்போது மட்டும் நேராக, உடம்பைப் பின்னால் வைத்து, முன் பிரேக்கைத் தொடாமல், கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி இறங்க வேண்டும். செங்குத்துப் பக்கத்தில் குறுக்காக இறங்கினால் முன் சக்கரம் புதைந்து வண்டி உங்கள் மேலேயே உருளும். ஒவ்வொரு மேட்டிலும் இப்படி நின்று பார்ப்பது சலிப்பாக இருக்கும். முதல் நாலைந்து ரைடுகளுக்காவது அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள், இல்லையென்றால் மாலை மூன்று மணிக்கு மேல் ஓட்டுங்கள். அப்போதுதான் நிழல் விழுந்து விளிம்பு தெரியும். காலையில் இன்னொரு வசதி, இரவுப் பனியால் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும். பைக்கின் பின்னால் நீளக் கம்பியில் சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கொடி கட்டாமல் மேட்டுப் பகுதிக்குள் போகவே வேண்டாம். எதிர்ப்பக்கம் ஏறி வருகிறவனுக்கு உங்கள் தலைக்கு முன்னால் அந்தக் கொடிதான் தெரியும்.

உடம்பு விஷயம். திரும்ப வருகிறவர்களுக்கு முதலில் முன்கை இறுகும். இருபது நிமிஷத்தில் விரல் மடங்காது, கிளட்ச் பிடிக்க வராது. வேகம் தெரியாத பதற்றத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதால் வருவது அது. முழங்கால்களால் பைக்கைப் பிடியுங்கள், கையைத் தளர்த்துங்கள், ஹேண்டில்பார் கொஞ்சம் ஆடினால் ஆடட்டும். ரைடு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே வாரத்தில் மூன்று நாள் ஸ்குவாட், பிளாங்க், மணலில் நடப்பது என்று ஆரம்பித்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். குளிர்காலம்தானே என்று தண்ணீரை விட்டுவிடுவார்கள். ஹெல்மெட், கவசம், பூட்ஸ் எல்லாம் போட்டு டிசம்பர் வெயிலில் ஓட்டினாலே சட்டையைப் பிழியலாம். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையில் இரண்டு லிட்டர், அதோடு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். நம் ஆட்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு பிரஷரும் சுகரும் இருப்பது அபூர்வமில்லை. பரிசோதனை செய்து நாளாகியிருந்தால் இந்தச் சாக்கில் செய்துவிடுங்கள்.

டிஸ்க் பற்றி. சரியாகிவிட்டது என்று நீங்கள் எழுதியதை வைத்து நான் ஓட்டலாம் என்றும் சொல்ல முடியாது, கூடாது என்றும் சொல்ல முடியாது. மணலில் முதுகுக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன், டாக்டரிடம் அதை அப்படியே சொல்லிக் கேளுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு மேட்டிலிருந்து ஒரு மீட்டர் கீழே விழுந்தால் அடி முழுக்க இடுப்புக்கும் முதுகுக்கும் போகும். நின்று, முழங்காலை மடக்கி இறங்கினால் பெரும்பகுதியைக் கால் வாங்கிக்கொள்ளும். ஆனால் களைத்தால் யாருமே உட்கார்ந்துவிடுவார்கள், உங்களுக்குப் பிரச்சினை வரக்கூடிய நேரம் அதுதான். மணலில் விழுந்த பைக்கைக் குனிந்து தூக்குவது இரண்டாவது. 450 சிசி மோட்டோகிராஸ் பைக் 110 கிலோவைச் சுற்றி இருக்கும், ஒரு காலையில் நாலைந்து முறை தூக்க வேண்டி வரலாம். மூன்றாவது, லிவா வரை இரண்டரை மூன்று மணி நேரம் காரில் உட்காருவது. இந்த மூன்றையும் சொல்லி, பழைய ஸ்கேனைக் காட்டி, பிசியோதெரபிஸ்ட்டின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஓட்டத் தொடங்கிய பிறகு வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ அன்றைக்கு ரைடு முடிந்தது. தொடை இடுக்கில் உணர்வு போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது அல்லது வராமல் நிற்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் நேராக எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இப்போது பைக். 450 வேண்டுமா 250 போதுமா என்பதில் அனுபவசாலிகளே இரண்டு கட்சி. 450-க்கு இழுவை அதிகம், லிவா மாதிரி உயரமான மேட்டில் கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம், கனமான ஆளுக்கு வசதி. ஆனால் களைத்த கையில் அந்த இழுவைதான் ஆளைக் கீழே தள்ளும். திரும்பி வருகிறவருக்கு 250 ஃபோர் ஸ்ட்ரோக் போதும் என்பது என் கட்சி. நீங்கள் 90 கிலோவுக்கு மேல் இருந்தால் 350 பக்கம் யோசிக்கலாம். எதை வாங்கினாலும், விலை பேசுவதற்கு முன்னால் சீட்டைக் கழற்றி ஏர் ஃபில்டரை வெளியே எடுங்கள். ஃபில்டர் அழுக்காக இருப்பது பிரச்சினை இல்லை. ஃபில்டருக்கு உள்ளே, எஞ்சின் பக்கம் போகும் ரப்பர் குழாயில் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் எண்ணெய் மட்டும் ஒட்டினால் நல்லது. நரநரவென்று மணல் பட்டால் அந்த எஞ்சின் மணலைக் குடித்திருக்கிறது. பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வெளியில் பளபளவென்று இருக்கும் பைக்குகளில்கூட இதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், பேரிங் போயிருந்தால் கையிலேயே தெரியும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. சேஸிஸ் எண்ணும் காகிதமும் ஒத்துப்போக வேண்டும். உங்களுடைய பழைய ஹெல்மெட் இன்னும் பெட்டியில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயாரிப்பாளர்களில் பலர் ஐந்து வருஷத்தில் மாற்றச் சொல்கிறார்கள், உள்ளே இருக்கும் பொருட்கள் காலப்போக்கில் கெடும். அதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பூட்ஸும் அப்படித்தான், பசை காய்ந்து அடிப்பாகம் கழன்று வரும்.

டயர் கேள்விக்கு நேர்ப் பதில்: மணலுக்கும் சேற்றுக்கும் என்று விற்கும் இடைவெளி விட்டுக் கட்டை கட்டையாக ரப்பர் நிற்கும் டயர் முன்னும் பின்னும் போதும். துடுப்பு மாதிரி தகடு வைத்த பேடில் டயர் சுத்த மணலில் அற்புதமாக இழுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேடுகளுக்கு நடுவே வரும் சரளைத் தரையிலும் இறுகிய உப்புத் தரையிலும் வழுக்கும், சீக்கிரம் தேயும். ஒரே செட் டயரோடு போகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். காற்று 10 முதல் 12 பிஎஸ்ஐ, கண்டிப்பாக, டயர் ரிம்மில் வழுக்காமல் பிடிக்கும் ரிம் லாக்கோடு. இந்த எண் ஆரம்பப் புள்ளிதான், உங்கள் எடைக்கும் அன்றைய மணலுக்கும் ஏற்ப ஒன்றிரண்டு கூடும், குறையும். செயினுக்கு எண்ணெய் விடாதீர்கள், எண்ணெயில் மணல் ஒட்டி அரைக்கும், டிரை லூப் என்று விற்கும், பிசுபிசுக்காத லூப்ரிகன்ட் போதும். ஒவ்வொரு நாள் ரைடுக்குப் பிறகும் ஃபில்டரைக் கழுவி, எண்ணெய் பிழிந்து மாட்டுங்கள். இரண்டு ஃபில்டர் வாங்கி வைத்தால் கேம்பில் சிரமம் இல்லை.

இடம். நீங்கள் பழகிய பதாயர், அதாவது எல்லோரும் பிக் ரெட் என்று சொல்லும் அந்தச் செம்மேடு, துபாய் ஹத்தா ரோட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது. கூட்டம்தான் வேறு. 2022-இல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகு வெள்ளிக்கிழமைக் கூட்டம் சனிக்கிழமை மாலைக்கு நகர்ந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த நாலு சக்கர குவாட் பைக்கில் அன்றைக்குத்தான் முதல்முறை உட்கார்ந்தவர்கள், டூர் கம்பெனி லேண்ட் குரூசர்கள், எல்லாம் எல்லாத் திசையிலும். அங்கே முதல் ரைடு வைத்தால் மணலைவிட மனிதர்களைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும். ஞாயிறு அதிகாலை பரவாயில்லை. உங்களுக்கு ஸ்வைஹான் பக்கம் அபுதாபியிலிருந்து கிட்ட, மேடுகள் அடக்கமானவை, திரும்பப் பழகுவதற்கு அதுதான் நான் சொல்லும் இடம். வேலி போட்ட இடம், எண்ணெய்க் குழாய்ப் பாதை, ராணுவப் பலகை எதையும் தாண்டாதீர்கள். துபாய் பாலைவனப் பாதுகாப்பகம் போன்ற காப்பிடங்களுக்குள் சொந்த வண்டியோடு நுழைய முடியாது. நம்பர் பிளேட் இல்லாத பைக்கை டிரெய்லரிலோ பிக்கப்பிலோதான் கொண்டுபோக வேண்டும், தார் ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும்.

லிவா வேறு உலகம். சவூதி, ஓமன், ஏமன் வரை பரந்து கிடக்கும் ரப் அல் காலி பாலைவனத்தின், சுமார் ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர் மணலின், வடக்கு விளிம்பு அது. 1991-இல் தொடங்கிய டெசர்ட் சேலஞ்ச் ராலி ஓடுவது இந்த மணலில்தான். பிறை வடிவில் ஒவ்வொன்றும் குட்டி மலையாக நிற்கும் மேடுகள், நடுநடுவே சப்கா என்னும் உப்புச் சமவெளி. தல் மொரீப் என்ற மேடு 300 மீட்டர் உயரம், 50 டிகிரி சரிவு என்று விளம்பரங்களில் போடுவார்கள். உலர்ந்த மணல் தானாக நிற்கும் கோணம் 34 டிகிரியை ஒட்டித்தான் என்பதால் அந்த 50-ஐ நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். எப்படியானாலும் அது நீங்கள் முதல் சீசனில் ஏற வேண்டிய மேடு இல்லை. டிசம்பரில் அதைச் சுற்றி லிவா திருவிழா தொடங்கி ஜனவரி ஆரம்பம் வரை நடக்கும், இரவெல்லாம் வண்டி ஓடும். பிள்ளைகளோடு தூங்க நினைப்பவர்கள் அதிலிருந்து நன்றாகத் தள்ளிப் போக வேண்டும். சப்காவில் இன்னொரு கவனம் வேண்டும். மேலே வெள்ளையாக, தார் ரோடு போலக் கெட்டியாகத் தெரியும். கீழே ஈரக் களிமண் இருக்கும். மழை பெய்த ஒரு வாரத்துக்கு அதன்மேல் கார் ஏற்றினால் அச்சு வரை இறங்கும், மணலில் புதைந்த வண்டியை எடுப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். வெள்ளைத் தரையில் பழைய டயர் தடம் இருந்தால் அதன்மேலேயே போங்கள், தடமே இல்லாத சப்காவில் இறங்காதீர்கள்.

குடும்பத்தோடு கேம்ப் என்பதில் நான் முதலில் கேட்பது உங்கள் மனைவியைப் பற்றி. நீங்கள் பைக்கில் போய்விட்டால் அவர் இரண்டு பிள்ளைகளோடு மணலுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் விழுந்து கால் முறிந்தால் காரை எடுத்து வெளியே கொண்டுவருவது யார்? அவருக்கு மணலில் ஃபோர் வீல் டிரைவ் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், காரில் ஏறி பிராக்டிஸ் செய்திருக்க வேண்டும். 35 பிஎஸ்ஐயிலிருந்து 15-க்குக் காற்றை இறக்குவது, சக்கரம் சுழலத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பது, இந்த இரண்டும் தெரிந்தாலே பாதிச் சிக்கல் வராது. இதை ஒரு காலையில் கற்றுக்கொடுத்துவிடலாம். இதைச் செய்யாமல் அவரைக் கூட்டிப்போவது அவருக்கு நியாயமில்லை. இரண்டாவது காரும் இன்னொரு குடும்பமும் கட்டாயம் வேண்டும், ஒற்றைக் காராகப் பிள்ளைகளோடு மணலுக்குள் போகவே கூடாது. இன்சூரன்ஸ் பாலிசியில் ஆஃப் ரோடு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், எல்லாப் பாலிசியிலும் இருக்காது. புதைந்த வண்டியைக் கயிறு போட்டு இழுக்கும்போது, பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் கயிற்றை மாட்டவே கூடாது. அது பிய்ந்து பறந்து உயிர் போயிருக்கிறது. இழுப்பதற்கென்றே வண்டியில் இருக்கும் ரெக்கவரி பாயின்ட், கயிற்றை அதில் மாட்டும் ஷேக்கிள் என்ற இரும்பு வளையம், பிள்ளைகள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி, அப்புறம்தான் இழுப்பு.

கூடாரம் போடும் இடத்தை வெளிச்சம் இருக்கும்போதே தேர்ந்தெடுங்கள். மேட்டின் செங்குத்துப் பக்கத்துக்குக் கீழே, காற்று மறைவாக, பார்க்க மிகவும் வசதியாக ஒரு குழி தெரியும். அங்கே போடாதீர்கள். இரவில் மேலே ஓட்டி வருகிறவனுக்கு உங்கள் கூடாரம் தெரியாது, அவன் விளிம்பைத் தாண்டினால் நேராக அதன்மேல்தான் இறங்குவான். எல்லாத் திசையிலும் கொஞ்ச தூரம் தெரியும் இறுகிய சமதரையில் போட்டு, கார்களைக் காற்று வரும் பக்கம் சுவராக நிறுத்தி, ஒரு கம்பத்தில் விளக்கு கட்டிவிடுங்கள். கடையில் கூடாரத்தோடு தரும் ஆணி மணலில் நிற்காது. மளிகைக்கடைத் துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி முழங்கால் ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள், ஷமால் அடித்தாலும் அசையாது. டிசம்பர் இரவில் லிவாவில் 10 டிகிரிக்குக் கீழே போகலாம், விடியற்காலையில் பனி கொட்டிக் கூடாரத்தின் வெளித்துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். பிள்ளைகளுக்குக் கம்பளி, தொப்பி, மாற்றுச் சாக்ஸ் எல்லாம் மூடிய பெட்டியில் இருக்கட்டும். குளிராக இருக்கிறதே என்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அணைந்ததுபோலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு மணம் கிடையாது, தூங்குகிறவர்கள் விழிக்க மாட்டார்கள்.

தீயைத் தரையில் மூட்டாதீர்கள், கால் வைத்த இரும்புத் தட்டில் மூட்டுங்கள். தரையில் மூட்டினால் அபராதமும் உண்டு. அதைவிட முக்கியமான காரணம் பிள்ளைகளின் கால். கரியை மணல் போட்டு மூடிவிட்டுப் போனால் அணைந்துவிட்டது என்று நினைப்பார்கள். மணலுக்கு அடியில் அது மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளை அதில் மிதிக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கரியைத் திரும்ப எடுத்து வாருங்கள். விறகுக்காகக் கஃப் மரத்தில் கை வைக்காதீர்கள். நம் ஊர்க் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் அதே வன்னி மரம்தான் அது. இங்கே தேசிய மரம், சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. உலர்ந்த கொம்பாக இருந்தாலும் ஒடிக்க வேண்டாம், விறகு கடையில் கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு இரண்டே இரண்டு விதி போதும், ஆனால் அவை மாறாத விதிகள். வண்டி வரக்கூடிய மேட்டின் சரிவில் சறுக்கி விளையாடக் கூடாது, பெரியவர் ஒருவர் உச்சியில் நின்று பார்த்துக்கொண்டால் மட்டும் சறுக்கலாம். மணலில் குகை தோண்டக் கூடாது. உலர்ந்த மணல் சட்டென்று சரிந்து மூடும், தோண்டி எடுக்க நேரம் போதாது. பாம்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொம்பு விரியன் இந்த மணலில் உண்டு, உடலைப் புதைத்துக் கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். குளிர் மாதங்களில் நடமாட்டம் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இரவில் டார்ச்சும் மூடிய செருப்பும் இல்லாமல் நடக்க வேண்டாம், காலையில் பூட்ஸைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் அதற்குள் படுத்திருக்கலாம். யாராவது விழுந்து கழுத்து வலிக்கிறது என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், நகர்த்தாதீர்கள். முதலில் ஒருவர் மேட்டின் உச்சிக்கு ஓடி, வருகிற வண்டிகளை நிறுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் 998, போலீஸ் 999. உள்ளே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, அதனால் எந்த மேட்டில் ஏறினால் சிக்னல் வருகிறது என்று கேம்ப் போட்டதும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்துக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊருக்குள் இருக்கும் ஒருவரிடம் லொக்கேஷனோடு சொல்லிவிட்டுப் போங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். அக்டோபரில் டாக்டரையும் பிசியோவையும் பார்ப்பேன். அவர்கள் சரி என்றால் நவம்பரில் ஸ்வைஹான் பக்கம் தெரிந்த குழுவோடு, குடும்பம் இல்லாமல், காலை இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாத ரைடுகள். அதே மாதம் இன்னொரு வாரம், பைக் இல்லாமல், தார் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஓர் இரவு கேம்ப். அன்றைக்கு மனைவி கார் ஓட்டட்டும். டிசம்பரில் லிவாவுக்குக் குடும்பத்தோடு போகலாம், கேம்ப் மட்டும், பைக் வேண்டாம். ஜனவரியில் பைக்கையும் சேர்த்துக்கொள்ளலாம், அப்போது திருவிழாக் கூட்டமும் குறைந்திருக்கும். மார்ச் வரை நேரம் இருக்கிறது. பைக் முதுகுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், அதே மணலில் ஃபோர் வீல் டிரைவ் ஓட்டுவதும் முதுகுக்கு ஆகுமா என்று கையோடு கேட்டு வாருங்கள், பலருக்கு அது ஒத்துப்போகிறது. டாக்டர் என்ன சொன்னார் என்பதையும், அந்த 450-இன் ஃபில்டருக்கு உள்பக்கம் எடுத்த படத்தையும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். முன்பணம் மட்டும் அதுவரை கொடுக்காதீர்கள்.